படலையில் தொங்கிய பை – வாசகர் கேள்வி பதில்

கொரோனா ஊரடங்குக் காலத்தில் அயலவரிடமிருந்து பெற்ற உதவிகளையும், செய்ய நினைத்துச் செய்ய முடியாமற்போன உதவிகளையும் பற்றிக் கேள்விகள் இருந்தால் எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு ஐந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டதால், பத்துக் கடிதங்கள் வந்தாலே பெரிய காரியம் என்று எண்ணியிருந்தேன். வாகரை தொடங்கிப் பொத்துவில் வரையிலிருந்து வந்த கடிதங்கள் என் மேசை இழுப்பறையில் இடமில்லாமற் செய்துவிட்டன. பெரும்பாலானோர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டுமே தருகிறேன்.

களுவாஞ்சிகுடி வாசகி: ரீச்சர், என் கணவர் மேசன் வேலை செய்பவர். ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் எங்கள் படலையில் ஒரு துணிப் பை தொங்கியது. இரண்டு கிலோ அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, தேயிலை, ஒரு சவர்க்காரம், எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பெண்களுக்கான துவாய்ப் பக்கற் ஒன்று. இப்படி மூன்று தடவை நடந்தது. வைத்தது யாரென்று தெரியவில்லை. சென்ற மாதம் ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது, பக்கத்து வளவுத் தையற்கார அக்காவின் யன்னலில், அந்தப் பை தைத்திருந்த அதே நீலப் பூப்போட்ட சாரித் துணியில் திரைச்சீலை தொங்குவதைக் கண்டேன். அவருக்கும் எங்களுக்கும் 2018 இலிருந்து வேலிப் பிரச்சினை, கதைப்பதில்லை. இப்போது போய் நன்றி சொல்வதா, பொருட்களின் பெறுமதியைப் பணமாகக் கொடுப்பதா, தெரியாதது போல இருந்துவிடுவதா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தத் துவாய்ப் பக்கற்தான். அக்காலத்தில் நான் கண்ட நிவாரணப் பொதிகளில் அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் இருந்தன. இது இருந்ததாக நினைவில்லை, ஏனென்றால் பொதிகளைத் திட்டமிட்ட இடங்களில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். உங்கள் மூத்த மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று கடிதத்தின் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு அந்த அக்காவுக்கு நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லாத வீட்டுச் சடங்கை நினைவில் வைத்து, கடைகள் பூட்டியிருக்கும் மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து, பிறர் கண்ணிற் படாதபடி தாளிற் சுற்றி அடியில் வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் அரிசி முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். வேலிச் சண்டைக்காரருக்குத்தான், அம்மா, வேலிக்கு அப்பால் அடுப்பு புகைகிறதா இல்லையா என்பது நேரத்தோடு தெரியும்.

பணமாகக் கொடுக்க வேண்டாம். விலை போட்டுக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொன்னதாகிவிடும்; கணக்குத் தீர்ந்தால் பழைய வேலிக் கணக்கு மட்டும் மிஞ்சும். பலர் முன்னிலையில் நன்றி சொல்லவும் வேண்டாம். நீங்கள் தலைகுனிந்து வாங்க நேரக்கூடாது என்பதற்காகத்தான் அவர் ஊர் விழிக்கும் முன் எழுந்து, நாய் குரைக்காமல் நடந்து, படலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மறைத்ததை ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி சொல்வது அவருக்குக் கூச்சத்தையே தரும்.

ஆனால் தெரியாதது போல இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பை இன்னும் உங்களிடம் இருக்கிறதல்லவா? வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதது நம் வீடுகளின் வழக்கம். பயற்றம் பணியாரமோ, வளவில் பழுத்த மாம்பழமோ, அன்று வீட்டில் இருப்பதை அந்தப் பையிற் போட்டு, பகலில் அவர் மெஷினில் இருக்கும் நேரம் பார்த்து, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகளுக்கு ஒரு சட்டை தைக்க அளவு கொடுங்கள். பையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிடும்; அதற்கு மேல் யார் முதலில் வாய் திறப்பது என்பதை அந்த நேரத்துக்கு விட்டுவிடுங்கள். தையற்கூலியில் பேரம் பேசாதீர்கள்; உங்கள் கையில் இருக்கும் பணம் அவரிடம் போவதற்குக் கௌரவமான வழி அதுதான். வேலியை மட்டும் நில அளவையாளரிடம் விட்டுவிடுங்கள். அரிசிப் பைக்காக ஒரு முழக் காணியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அந்த அக்காவும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆரையம்பதி வாசகி: 2020 நவம்பரில் என் கணவருக்குத் தொற்று என்று எங்கள் சுவரில் தனிமைப்படுத்தல் அறிவிப்பு ஒட்டினார்கள். பதினான்கு நாள் முடிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அதை அகற்றிய பிறகும், எங்கள் கிணற்றில் எப்போதும் தண்ணீர் அள்ளும் அயலவர்கள் இரண்டு மாதமாக வரவில்லை. எதிர்வீட்டு மாமி மட்டும் தினமும் பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்து, முகக்கவசத்தோடு சத்தமாகக் கதைத்தார். மற்றவர்களை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் செய்வது பிழையா?

பதில்: பிழை என்று சொல்ல மாட்டேன். உங்கள் வேதனையைச் சற்று வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

தொற்று வீட்டிலிருந்து விலகி நிற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. அம்மை கண்ட வீட்டுப் படலையில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் மேற்குக் கரையான படுவான்கரையிலும் உள்ள கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசியில் நடக்கும் திருக்குளிர்த்தியே அம்மன் மனம் குளிர்ந்து நோயும் வெக்கையும் தணிய வேண்டும் என்பதற்கான சடங்குதான். ஆனால் வேப்பிலை செருகிய வீட்டைப் பற்றி ஊர் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்: "அம்மாள் வந்திருக்கிறா." நோயாளியின் வீடு தெய்வம் தங்கிய வீடாகிவிடுகிறது, விலகி நிற்பதும் மரியாதையாகிவிடுகிறது, இளநீரையும் வேப்பிலையையும் படலைக்குள் வைத்துவிட்டுப் போவதற்கு ஒரு முறை இருந்தது. 2020 இல் ஒட்டப்பட்ட தாளின் பின்னால் 1897 ஆம் ஆண்டிலிருந்தே இருந்துவரும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் நின்றது. அந்தத் தாள் தேவைப்பட்டது. பதினான்கு நாள் என்ற கணக்கும், தொற்றிய ஒருவருக்கு அறிகுறி தென்படக்கூடிய மிகக் கூடிய கால எல்லையை வைத்துப் போடப்பட்டதுதான். ஆனால் அதை ஒட்டும்போது வாசலில் பொலிசார் நின்றார்கள், எதிரே நின்றவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார், வீட்டுக்காரர் எதையோ களவெடுத்தவர்போல ஆகிவிட்டார். வேப்பிலை வாடியதும் தானே விழுந்துவிடும், தண்ணீர் வார்த்ததோடு விலக்கும் முடிந்துவிடும். தாளைக் கிழித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு சடங்கு இருக்கவில்லை. அயலவர்களின் இரண்டு மாதத் தயக்கத்தில் பாதி பயம் என்றால், மீதி, எப்படித் திரும்பி வருவது என்று தெரியாத கூச்சம்.

எதிர்வீட்டு மாமிக்கு அந்தக் கூச்சம் வரவில்லை, ஏனென்றால் அவர் போகவே இல்லை. தூரத்தையும் காத்து, பேச்சையும் விடாமல், கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்தப் பின்னேரக் கதையை அவர் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார் என்று எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது. மற்றவர்களை மன்னிப்பதற்கு உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை. கிணற்றுக் கப்பியைப் பூட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு அது போதும்.

வாழைச்சேனை வாசகர்: நான் மீன் வியாபாரி. என் கூட்டாளி ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பா 2020 டிசெம்பரில் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் தொற்றால் மௌத்தாகி, எரிக்கப்பட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. ஊரடங்கு எடுபட்டதும் மறுபடி சேர்ந்து தொழில் செய்கிறோம். அவர் என்னை ஒன்றும் கேட்டதில்லை. இனிப் பேசுவது புண்ணைக் கிளறுவதாகுமா?

பதில்: பேசுங்கள், தம்பி. புண் ஆறியிருந்தால்தானே கிளறுவதற்கு.

உங்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும். இதை வாசிக்கும் இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்றால் இறந்தவர்களைப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தபோதும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி நம் நாட்டில் எரிப்பதை மட்டுமே அனுமதித்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது மாற்றப்பட்டது. மார்ச் 5 ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடமாக, நாட்டின் எந்த மூலையில் தொற்றால் இறந்தவரைப் புதைப்பதானாலும் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். 3,000 க்கும் அதிகமானோர் அந்த மண்ணில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், மற்றச் சமயத்தவரும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

உங்கள் கூட்டாளியின் நிலையை யோசியுங்கள். அடக்கத்தலம் அவருடைய ஊரிலேயே இருக்கிறது. தொலைவிலிருந்து வந்தவர்களுக்குக்கூட அங்கே நிற்பதற்கு ஒரு கபுறு இருக்கிறது. அவருடைய வாப்பாவுக்கு மட்டும் மூன்று மாதம் முந்திவிட்டது. மீன் ஏற்ற அந்தப் பாதையாற் போகும்போதெல்லாம் அவர் இதை நினைக்காமல் இருந்திருப்பாரா?

சட்டத்தையோ அரசியலையோ எடுக்க வேண்டாம். அவருக்கு அவை நம்மைவிடத் தெரியும். "உன்ர வாப்பா மௌத்தானபோது நான் கதைக்கல்ல, அது என்ர பிழை" என்று ஒரு வரி சொல்லுங்கள். பிறகு வாப்பாவைப் பற்றிக் கேளுங்கள்: என்ன தொழில் செய்தார், எந்த மீனை விரும்பிச் சாப்பிடுவார், உங்களைப் பற்றி என்ன சொல்லுவார் என்று. எரித்த நாளைப் பற்றியே எல்லோரும் கேட்டிருப்பார்கள். அந்த மனிதர் வாழ்ந்த எழுபது வருடத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நோன்பு காலத்தில் அவருடைய வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கஞ்சி வருவது நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் இந்தக் கதையை நோன்பு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

செங்கலடி வாசகர்: பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கில் நாற்பத்து மூன்று வீடுகளுக்குக் கடன் கொடுத்தேன். முப்பது வீட்டார் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். மீதிப் பதின்மூன்று பெயர் இன்னும் கொப்பியில் இருக்கின்றன. அதில் ஒருவர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பி மாடி வீடு கட்டிவிட்டார். என் மனைவி கொப்பியை எரிக்கச் சொல்கிறார். எரிக்கவா?

பதில்: எரிக்க வேண்டாம், பிரித்து எழுதுங்கள். 2020 இல் எட்டாயிரம் ரூபா கடன்பட்டவர் அதே எட்டாயிரத்தை இன்று கொண்டுவந்து தந்தாலும் நீங்கள் நட்டப்பட்டவர்தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடும் அளவுக்குப் போய், அரிசி விலை இரண்டு மடங்கையும் தாண்டிய நாட்களை உங்கள் தராசு மறந்திருக்காது. ஆகவே பணம் முழுமையாகத் திரும்பும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பிறகு, உண்மையாகவே இயலாதவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டுவிட்டு, அவர்கள் மறுபடி கடைக்கு வரும்படி யாரிடமாவது சொல்லியனுப்புங்கள். கடன்பட்டவர் ஒழுங்கை மாறி நடப்பதுதான் கடையின் பெரிய நட்டம்.

மாடி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நேராக, நயமாக, ஆனால் கேளுங்கள். கருணை என்றால் ஏமாறுவது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது வீட்டார் வயிற்றைக் கட்டிக் கொடுத்து முடித்ததற்கும் ஒரு மதிப்பு வேண்டும்.

மண்டூர் வாசகர்: மல்லித் தண்ணீர் கொரோனாவைக் கொன்றதா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: இல்லை, ஆனால் பக்கத்து வீட்டார் பிளாஸ்கில் கொண்டுவந்ததைக் குடித்து முடித்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

காரைதீவு வாசகி: அப்போது ஒரு குழுவினர் உலர் உணவுப் பொதி கொடுத்தபோது, நானும் என் மகனும் அதை வாங்கும் படத்தை முகநூலில் போட்டார்கள். மகன் இப்போது ஏ.எல். படிக்கிறான். யாரோ அதைத் தேடி எடுத்து வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். உதவி செய்தவர்களிடம் படத்தை எடுக்கச் சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாதா?

பதில்: ஒருபோதும் ஆகாது. பொதியை வாங்கியபோது படத்தையும் சேர்த்து நீங்கள் விற்கவில்லை. குழுவின் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது: வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்குப் பொருள் உரியவரிடம் சேர்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அடுக்கி வைத்த பொதிகளின் படமும் கையெழுத்திட்ட பட்டியலும் போதுமானவை. பொதியின் ஒரு பக்கத்தைக் கொடுப்பவர் விடாமல் பிடித்திருக்க, மறுபக்கத்தை வாங்குபவர் பிடித்திருக்க, இருவரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் படத்துக்கு எந்தக் கணக்காளரும் கேட்கவில்லை. குழுவில் இருந்த ஒருவரை நேரில் கண்டு, மகனுக்கு நடந்ததைச் சொல்லி, படத்தை நீக்கும்படி கேளுங்கள். நல்ல மனதோடு செய்தவர்கள் என்றால் அன்றே நீக்கிவிடுவார்கள். நீக்கத் தயங்கினால், முகநூலிலேயே அந்தப் படத்தின் மீது முறைப்பாடு செய்யும் வசதி இருக்கிறது. மகனுக்கே அதைச் செய்யத் தெரியும்.

அம்பிளாந்துறை வாசகர்: எங்கள் இளைஞர் கழகம் அடுத்த தடவை நோயோ வெள்ளமோ வந்தால் யாருக்கு முதலில் உதவுவது என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அரச நிவாரணத்துக்கான பழைய சமுர்த்திப் பட்டியலை வைத்துத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம்; அதோடு நிற்காதீர்கள். 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபாக் கொடுப்பனவு வந்தபோது சமுர்த்திக் குடும்பங்களுக்கு இருந்த வழி மற்றவர்களுக்கு இலகுவாக இருக்கவில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர், வாடகை வீட்டில் இருப்பதால் ஊர்ப் பதிவில் இல்லாதவர், நுண்கடன் தவணை கட்டும் பெண், கணவர் வளைகுடாவில் இருப்பதாற் பணக்காரி என்று எண்ணப்பட்டாலும் கணவருக்கு அங்கே வேலை நின்றுபோன பெண், இவர்களெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் கிராம உத்தியோகத்தரின் வாசலில் நின்றதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்லடியில் இருக்கிறேன். பிரஷர் குளிசை முடியப்போகிறது என்று நான் கவலைப்பட்டிருந்தபோது, கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் அனுப்பும் ஏற்பாட்டில் எனக்கும் ஒரு பொதி வந்தது. தபாற்காரர் அதை மதிலின் மேல் வைத்து, நான்கு அடி பின்னால் நகர்ந்து, நான் கண்ணாடி போடாமல் வந்திருப்பதைக் கண்டு, "காலமைக்கு வெள்ளை, இரவைக்கு மஞ்சள், மாத்திப் போடாதீங்க ரீச்சர்" என்று உறையில் இருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார். அந்த மனிதரின் அன்பை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் பதினைந்து வருடமாக விடியற்காலையில் என் வாசலுக்கு ஆப்பம் கொண்டுவந்து விற்ற கிழவி, ஊரடங்கு போட்ட நாளிலிருந்து எதைச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்ற எண்ணம் எனக்கு நான்காவது வாரத்தில்தான் வந்தது. ஆப்பம் வராததை மட்டும் முதல் நாளே கவனித்திருந்தேன். அவருடைய வீடு எந்த ஒழுங்கை என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துப் போனபோது, அவருடைய பக்கத்து வீட்டார் மூன்று வாரமாகத் தங்கள் உலையில் ஒரு சுண்டு அரிசியைக் கூடப் போட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கூலிக்காரர்கள்.

ஆகவே, காலையில் உங்கள் ஊருக்குள் எதையாவது தலையிலோ சைக்கிளிலோ கொண்டுவந்து விற்பவர்களின் வீடுகளை முதலில் எழுதுங்கள். பிறகு கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு மருந்து எந்தக் கிழமை முடியும் என்ற குறிப்போடு. உங்களுடைய ஊர் படுவான்கரையில் இருப்பதால், குருக்கள்மடத்துக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஓடாத நாளில் கர்ப்பிணியை எந்த வழியாக, யாருடைய வாகனத்தில் கொண்டுபோவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். மார்கழி வெள்ளத்துக்கும் அது உதவும். பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் இருவர் கையில் மட்டும் வைத்திருங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தொலைபேசி இல்லாதவரின் பெயருக்கு எதிரே, அவர் வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவரின் இலக்கத்தை எழுதுங்கள்.